குழுவை விட்டு வந்தபின் யாரைக் கும்பிடுவது?

2024ஆம் ஆண்டு சிங்கப்பூர் நீதிமன்றம் ஒரு பெண்ணுக்குப் பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இந்தியாவிலுள்ள ஓர் ஆன்மிகத் தலைவரின் பெயரால் இங்கே பக்தர் குழு நடத்தியவர் அவர். நாளடைவில் தானே தெய்வம் என்றார். கர்மவினை கழிய வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும் என்றார். கையில் இல்லாதவர்களைக் கடன் வாங்கவைத்தார். சொன்னதைச் செய்யாதவர்களுக்கு அடி விழுந்தது. 2020இல் அவர் கைதாகும்வரை இது பல ஆண்டுகள் நடந்தது.

செய்தித்தாள்கள் தீர்ப்போடு அந்தக் கதையை முடித்துக்கொண்டன. எனக்கு அங்கேதான் கேள்வி தொடங்குகிறது. அந்தப் பக்தர்கள் இப்போது வீட்டில் விளக்கேற்றுகிறார்களா? ஏற்றினால் யார் படத்துக்கு முன்னால்? அவர்கள் அந்தக் குழுவுக்குள் போனது கும்பிடுவதற்காக. கும்பிட வேண்டும் என்ற ஆசையில் பொய் ஏதும் இல்லை, போய்ச் சேர்ந்த இடம்தான் பொய்யாகிவிட்டது. இடம் போனபிறகு அந்த ஆசை என்ன ஆகிறது என்பதைத் தமிழில் நாம் போதிய அளவு எழுதவில்லை.

சட்டத்தின் பக்கம் சிங்கப்பூர் உறுதியாகவே இருக்கிறது. அரசமைப்பின் 15ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே நாடு 1972இல் யெகோவாவின் சாட்சிகளின் பதிவை ரத்துசெய்தது. அவர்கள் தேசிய சேவைக்குப் போக மறுத்தது காரணம். கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சர்ச்சின் பதிவும் 1982இல் போயிற்று. 2020 நவம்பரில், ஷின்சோன்ஜி என்ற இன்னொரு கொரியக் குழுவோடு தொடர்புடையவர்கள் என்ற சந்தேகத்தில் 21 பேர் கைதானார்கள். அந்தக் குழு வேறு நிறுவனங்களின் பெயருக்குப் பின்னால் மறைந்து ஆள் சேர்த்ததாக உள்துறை அமைச்சு அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எது மனிதரை அடக்கும் குழு, எது அல்ல என்று முடிவுகட்ட முடியாது. பதிவாளர் பார்ப்பது பொது ஒழுங்கை. வீட்டுக் கூடத்தில் ஒருவருடைய சம்பளம், திருமணம், தூக்கம், தொலைபேசி அழைப்பு எல்லாம் இன்னொருவர் கைக்குப் போய்விட்டதா என்பதை அவர் பார்ப்பதில்லை. சங்கச் சட்டம் 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் அமைப்பைத்தான் கணக்கில் எடுக்கும். ஒரு வீவக வீட்டில் வாரந்தோறும் எட்டுப் பேர் கூடும் சத்சங்கமோ ஜெபக்கூட்டமோ அந்தக் கணக்கில் வராது. அங்கே நடப்பது முழுக்க அன்பாகவும் இருக்கலாம், முழுக்க ஆதிக்கமாகவும் இருக்கலாம்.

வேறுபாட்டை எப்படிக் காண்பது? அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் மனம் மாற்றப்பட்ட 40 பேரை 1950களில் ஹாங்காங்கில் சந்தித்துப் பேசினார். 1961இல் வந்த அவருடைய நூல் அத்தகைய சூழலின் எட்டு அடையாளங்களைச் சொல்கிறது. அவற்றுள் இரண்டு தமிழ் வீடுகளுக்கு உடனே புரியும். ஒன்று, பாவ அறிக்கை. எல்லார் முன்னிலையிலும் ஒருவர் தம் குறைகளைச் சொல்லச் சொல்ல, அவை பிறகு அவரைப் பிடித்துவைக்கும் கயிறாகின்றன. மற்றொன்று, குழுவுக்கு வெளியே இருப்பவருக்கு வாழ்வே இல்லை என்ற தீர்ப்பு. நம் பக்கத்தில் இதற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆசிரமத்தை விட்டவர் குருத்துரோகி. சபையை விட்டவர் பின்மாற்றக்காரர். இரண்டு இடத்திலும் மிரட்டல் ஒன்றுதான்: நீ போனால் உன் பிள்ளைக்கு ஏதாவது ஆகும்.

ஆனாலும் ‘மூளைச்சலவை’ என்ற சொல்லை நாம் அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. லண்டன் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், யூனிஃபிகேஷன் சர்ச் நடத்திய வார இறுதிப் பயிலரங்குகளுக்குப் போனவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1984இல் நூலாக்கினார். போனவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டே ஆண்டுகளில் தாமாக விலகிவிட்டார்கள். எந்தக் குழுவும் மந்திரத்தால் ஆளைக் கட்டிப்போடுவதில்லை என்பதற்கு இது சான்று. உள்ளே இருந்தவருக்கும் இது ஆறுதல்: அவருடைய அறிவு அழிந்துபோகவில்லை, இன்னொருவர் பேச்சுக்கு அடங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

சிங்கப்பூர்த் தமிழருக்கு விலகுவதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுவாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். பள்ளியில், அலுவலகத்தில், பேருந்தில் பேசுவது ஆங்கிலம். மனம்விட்டுத் தமிழில் அழவும் தமிழில் ஜெபிக்கவும் தமிழில் பாடவும் வாரத்தில் ஓரிடம் இருக்கிறதென்றால், பலருக்கு அது அந்தச் சத்சங்கம் அல்லது அந்தச் சபை. அதை விடுவதென்றால் தாய்மொழியில் வழிபடும் இடத்தையே விடுவதாகிறது. அங்கே பழகியவர்தான் பிள்ளைக்குத் துணைப்பாட வகுப்பு எடுத்திருப்பார், மகளுக்கு வரன் சொல்லியிருப்பார், ஆஸ்பத்திரியில் இரவு கண்விழித்திருப்பார். தங்கும் விடுதியில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் ஊழியருக்கோ அந்தக் கூட்டம்தான் உறவு. ஊர் சின்னது, அடுத்த திருமணத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே ஒருவர் தவறு என்று தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் உள்ளேயே இருக்கிறார் என்றால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வெளியே வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை மார்கரெட் சிங்கர் என்ற உளவியலாளர் 1979இல் ஒரு கட்டுரையில் நுணுக்கமாகப் பதிவுசெய்தார். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் குழுக்களை விட்டு வந்தவர்களோடு அவர் நீண்ட காலம் அமர்ந்து பேசியிருந்தார். சோர்வு, தனிமை, சின்ன முடிவுகூட எடுக்க முடியாத தவிப்பு, திடீரென்று பழைய மயக்க நிலைக்குள் நழுவுவது இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. அவர் கண்டவற்றில் இரண்டு என்னை நிறுத்தின. வீட்டார் சதா கண்காணிப்பது முதலாவது: கொஞ்சம் கண்மூடி உட்கார்ந்தால் போதும், மறுபடியும் ஆரம்பித்துவிட்டானா என்று அம்மாவும் அக்காவும் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது, தொண்டு பற்றிய குழப்பம். பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இன்னும் இருக்கும். ஆனால் அந்த எண்ணத்தைப் பிடித்துத்தானே முன்பு நம்மை இழுத்தார்கள் என்ற பயமும் கூடவே இருக்கும்.

ஹெலன் ரோஸ் ஈபாவின் ஆய்வை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கன்னியாஸ்திரியாக இருந்து வெளியே வந்து சமூகவியலாளரானவர் அவர். ஏதோ ஒரு பாத்திரத்தை விட்டு விலகிய 185 பேரைப் பேட்டி கண்டு 1988இல் எழுதினார். முதலில் ஐயம், பிறகு வேறு வழியைத் தேடுவது, பிறகு ஒரு திருப்பம், கடைசியாக ‘முன்னாள்’ என்ற புதிய அடையாளத்தைக் கட்டுவது என்று அவர் படிகளைக் காட்டினார். விலகல் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதும், விலகிய பின்னும் பழையது ஒருவரோடு கூடவே வரும் என்பதும் அவர் கண்டவை.

இதற்கெல்லாம் நம் மண்ணிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1909இல் சென்னை அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபைத் தலைவர்களுள் ஒருவரான லெட்பீட்டரின் கண்ணில் ஒரு சிறுவன் பட்டான். தாயை இழந்த பிள்ளை. தந்தை நாராயணய்யா சபையில் வேலை பார்த்துவந்தார். ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி என்ற அந்தச் சிறுவன்தான் வரப்போகும் உலக குருவுக்கு உரிய உடல் என்று சபை முடிவுசெய்தது. 1911இல் அவனைத் தலைவனாக வைத்து ‘கிழக்கின் விண்மீன்’ என்ற சங்கம் எழுந்தது. என்ன உண்பது, எப்படி உடுத்துவது, யாரோடு பேசுவது எல்லாம் மற்றவர் முடிவு. பிள்ளையைத் திருப்பிக் கேட்டுத் தந்தை வழக்குப் போட்டார். சென்னையில் தந்தை வென்றார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் சபைத் தலைவர் அன்னி பெசன்ட் பக்கம் தீர்ப்பளித்தது. கிருஷ்ணமூர்த்திக்குத் தம்பி நித்யா ஒருவன்தான் மிஞ்சினான். அவனுக்குக் காசநோய். அவன் இறக்கமாட்டான், அவனால் ஆகவேண்டிய காரியம் இருக்கிறது என்று மேலுலக மகான்களின் பெயரால் வாக்களிக்கப்பட்டிருந்தது. 1925 நவம்பரில் கிருஷ்ணமூர்த்தி இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, தம்பி கலிஃபோர்னியாவில் இறந்துபோன தந்தி வந்தது.

அதற்குப் பிறகும் அவர் உடனே எழுந்து போய்விடவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் முகாமில், பெசன்ட் அம்மையாரும் மூவாயிரம் உறுப்பினர்களும் கேட்டுக்கொண்டிருக்க, தமக்காகவே கட்டப்பட்ட சங்கத்தைக் கலைத்தார். எந்த அமைப்பும் ஒருவரை உண்மைக்குக் கூட்டிச்செல்ல முடியாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்பது அந்த உரையின் சாரம். சங்கத்துக்குக் கொடையாக வந்த கோட்டையும் நிலங்களும் கொடுத்தவரிடமே திரும்பின. ஈபா பின்னாளில் வகுத்த படிகள் இந்த நான்கு ஆண்டுகளில் அப்படியே பொருந்துவதை யாரும் பார்க்கலாம்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது ஓமன் உரை அல்ல. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். 1922இல் கலிஃபோர்னியாவின் ஓஹாயில், சங்கத்தின் தலைவராக இருந்த நாட்களிலேயே, கிருஷ்ணமூர்த்திக்கு ஆழ்ந்த ஆன்மிக அனுபவங்கள் தொடங்கின. சங்கத்தைக் கலைத்தபோது அவர் அந்த அனுபவத்தைத் தூக்கி எறியவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 1961, 62இல் அவர் தமக்கென்று எழுதிவந்த குறிப்பேட்டில் அதே அனுபவம் நாள்தோறும் வருகிறது, மலையோடும் மரத்தோடும் நடையோடும் கலந்து. அந்தக் குறிப்பேடு 1976இல்தான் அச்சானது. குழுவுக்குள் கிடைத்தது என்பதற்காக ஓர் அனுபவம் குழுவின் சொத்தாகிவிடாது என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது. வெளியே வந்தவர்களை வாட்டும் கேள்வி இதுதானே: அந்தப் பஜனையில் நான் அழுதது பொய்யா? ஜெபத்தில் எனக்குக் கிடைத்த அமைதியும் ஏமாற்றா? இல்லை என்றே நான் நினைக்கிறேன். அழுதது நீங்கள். அந்தக் கண்ணீரை அவர்களிடம் விட்டுவிட்டு வரவேண்டிய தேவை இல்லை.

கிருஷ்ணமூர்த்தியைப் புதிய தெய்வமாக்கவும் நான் சொல்லவில்லை. குரு வேண்டாம் என்றவரைச் சுற்றியும் அறக்கட்டளைகள் எழுந்தன, நெருங்கிய வட்டங்கள் உருவாயின, அவருடைய அந்தரங்க வாழ்க்கை பற்றி வருத்தமான நூல்களும் வந்தன. அவர் வழி கடினமானதும்கூட. பற்றிக்கொள்ள ஒரு உருவமோ பாட்டோ சடங்கோ இல்லாமல் நிற்பது எல்லாராலும் முடியாது.

முடியாதவர்களுக்கு வடலூர் இருக்கிறது. வள்ளலார் எந்த அடக்குமுறைக் குழுவிலும் இருந்தவர் அல்லர். ஆனால் தாம் வளர்ந்த சமயத்தின் பிடியிலிருந்து வெளியேறியவர். இளமையில் சென்னைக் கந்தகோட்டத்தில் உருகி நின்றவர். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி அவர் ஆற்றிய பேருபதேசத்தில், சைவத்தின்மேல் தமக்கு முன்பிருந்த பற்று எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றும் இப்போது அது விட்டுப்போயிற்று என்றும் கூடியிருந்தவர்களிடம் மறைக்காமல் சொன்னார். தாம் முன்பு அப்படி இருந்ததைப் பழிக்காமல், அது ஒரு கட்டம் என்று கடந்துபோகிற நிதானம் அந்தப் பேச்சில் இருக்கிறது. அவர் கட்டிய ஞானசபை 1872ஐச் சேர்ந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1867 மே மாதம், தருமசாலை வந்துவிட்டது. சோறு முதலில், ஜோதி பிறகு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தொண்டு செய்யவே பயப்படுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வேன்: யாருக்குச் சோறு போடுகிறோம் என்பது கண்முன்னால் தெரிகிற தொண்டில் ஏமாற்றுக்கு இடம் குறைவு.

கடவுளே வேண்டாம் என்று வெளியேறியவர்களுக்கும் இங்கே வேர் உண்டு. ஓமன் உரை நிகழ்ந்த அதே 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணம் விதைத்ததில்தான் 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் முளைத்தது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். 2020 கணக்கெடுப்பில் சமயம் இல்லை என்று சொன்னவர்கள் 20 விழுக்காடு. பத்தாண்டு முன்பு 17. அந்த வழியும் நேர்மையான வழிதான். ஆனால் குழுவை விட்டவர் நாத்திகராகியே தீர வேண்டும் என்று யாரும் அவரை நெருக்கக் கூடாது. அதுவும் இன்னொரு கட்டளையாகிவிடும்.

இனி தேக்காவுக்கு வருவோம். சிராங்கூன் ரோட்டில் 1881இல் எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவில். அதே சாலையில் மேலே நடந்தால் அங்குலியா பள்ளிவாசல், அதைத் தாண்டி 1855ஆம் ஆண்டின் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவில். பின்பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 1927இல் ஒரு தாய்லாந்துத் துறவி நிறுவிய புத்தர் ஆலயம், எதிரே லியோங் சான் சீனக் கோவில். டன்லப் ஸ்ட்ரீட்டில் 1910இல் கட்டிமுடித்த அப்துல் கஃபூர் பள்ளிவாசல். சற்று விலகி கம்போங் கப்போர் மெதடிஸ்ட் தேவாலயம். நிதானமாக நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் இவ்வளவும். சுற்றுலாப் பயணிக்கு இது நல்லிணக்கக் காட்சி. குழுவை விட்டு வந்தவருக்கு இதன் பொருள் வேறு. இங்கே உள்ளே போகலாம், நிற்கலாம், எதுவும் பேசாமல் வெளியே வரலாம். அர்ச்சனைச் சீட்டுக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும். போன வாரம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பி வந்தவருக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பது அவருக்குத்தான் தெரியும்.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் கோவிலில் கிளம்பி டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில்வரை பால்குடமும் காவடியும் போகின்றன. சீனர்களும் தூக்குகிறார்கள். வேண்டிக்கொள்வது தூக்குகிறவர், எதைச் செலுத்துவது என்று தீர்மானிப்பதும் அவரே. முருகனுக்கும் தனக்கும் நடுவே அவர் பேசிக்கொண்ட பேச்சு அது. செலுத்தியதும் தீர்ந்தது, மறுநாள் வேலைக்குப் போகலாம். நேர்த்திக்கடனுக்கு முடிவு உண்டு. ஆதிக்கக் குழு சுமத்தும் கடனுக்கு முடிவே கிடையாது; கட்டக் கட்டக் கர்மவினை வளர்ந்துகொண்டே போகும். ஒரு வழிபாடு நம்மை வளர்க்கிறதா, பிடித்துவைக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: இதில் என் கடன் என்றைக்காவது தீருமா? தீர்ந்தபின் நான் போகலாமா?

எல்லாருக்கும் கோவில் பொருந்தாது. குழு இந்துக் கோலத்தில் இருந்திருந்தால் கற்பூர வாசனையே நெஞ்சை அடைக்கும். அதே மந்திரம் காதில் விழுந்தால் கை நடுங்கும். சபையில் வளர்ந்தவருக்குப் பாட்டுக்கு முன் வரும் கிட்டார் ஒலியே போதும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சகாலம் எந்த வழிபாட்டு இடத்துக்கும் போகாமல் இருப்பது குற்றமில்லை. காலையில் நடக்கலாம். திருக்குறளில் ஒரு அதிகாரத்தைத் தாமே படித்து, எந்த உரையாசிரியரோடு ஒத்துப்போகிறோம், எவரோடு மாறுபடுகிறோம் என்று பார்க்கலாம். மாறுபட்டுப் பழகுவது இங்கே சிகிச்சையின் பகுதி. தூக்கம் கெட்டால், பயம் விடாமல் துரத்தினால் மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்து வேலை செய்யும் இடத்தில் விபூதி செய்யாது.

வெளியே வந்த முதல் ஆண்டில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. வெற்றிடம் தாங்காமல் ஒருவர் அடுத்த குருவிடம், அடுத்த யோகா வகுப்பிடம், அடுத்த சபையிடம் அதே வேகத்தில் போய் விழுவார். போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். போகுமுன் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணக்கணக்கைக் காட்டுவார்களா? கேள்வி கேட்டவரை எப்படி நடத்தினார்கள்? விட்டுப்போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் போதுமானது. போனவர்களை இன்னும் அன்போடு நினைக்கும் இடத்தில் துணிந்து உட்காரலாம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் திரும்பி வந்திருக்கலாம். அப்போதே சொன்னேனே என்று சொல்லாதீர்கள். கழுத்தில் கிடக்கும் மாலையைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நாள் வரும்போது அவரே கழற்றுவார், அல்லது வேறு பொருளோடு அணிந்துகொள்வார். அவர் கண்மூடி உட்கார்ந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். நல்லது செய்வதாக எண்ணி அவரை உடனே இன்னொரு சாமியாரிடமோ பாஸ்டரிடமோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்தக் கோவிலுக்கு, என்றைக்கு, யாரோடு போவது என்பதை இந்த முறையாவது அவர் முடிவுசெய்யட்டும்.